எந்தப் பொட்டலம் எதுவென்று எனக்குத் தெரியும்

பி.ஏ. முடித்துவிட்டு ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். மாதத்துக்கு ஒன்றாவது இந்த மாதிரி மனு வந்துவிடும். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், நடுவில் ஒரு மைனர். 'மேற்படி மைனர் தன் விருப்பத்தை விவரமாகத் தெரிவிக்கும் வயதை அடைந்துள்ளதால்' என்று எங்கள் வக்கீல் சொல்லச் சொல்ல, நான் கீபோர்டைப் பார்க்காமலே அடித்துத் தள்ளுவேன். அதே வக்கீல் அடுத்த வாரம் எதிர்ப்பக்கத்துக்கு ஆஜரானால், அதே வயதுப் பிள்ளைக்கு, 'விவரம் அறியாப் பருவத்தினர் என்பதால்' என்பார். அதையும் அடிப்பேன். ஒரு எழுத்துகூடத் தப்பாது.

இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு காலத்தில் நானே மேற்படி மைனர்.

எங்கள் அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திருவண்ணாமலையில் கிளம்பி, கீழ்பென்னாத்தூர், செஞ்சி வழியாகத் திண்டிவனம் போய்த் திரும்புகிற பஸ். அம்மா டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் அந்த சர்டிபிகேட் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. அப்புறம் அவள் பிறந்த ஊரான கீழ்பென்னாத்தூரிலேயே ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. போகிறேன் என்றாள். அப்பா கூடாது என்றார். அவள் போய்விட்டாள். அவ்வளவுதான் கதை. குடி இல்லை, அடி இல்லை, இன்னொரு பொம்பளை இல்லை. யார் வில்லன் என்று தெரிந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

அம்மா தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். நான் திருவண்ணாமலையில், பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், அப்பாவோடு. பெண்கள் பள்ளிக்கூடம் அங்கேதான். சனிக்கிழமை காலையில் அப்பாவின் பஸ்ஸிலேயே ஏறி அம்மாவிடம் போவேன், திங்கட்கிழமை காலையில் அவர் முதல் ட்ரிப் திரும்பும்போது ஏறிக்கொள்வேன். அப்பா என்னை இறக்கிவிட்டு விசில் அடிப்பார். அம்மா ரோட்டோரப் புளியமரத்தடியில் நிற்பாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே மாட்டார்கள். இரண்டு பேரும் என்னை மட்டும் பார்ப்பார்கள்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அப்பாவிடம், "கீழ்பென்னாத்தூரு சுத்த போருப்பா, பேச ஆளே இல்ல" என்பேன். அம்மாவிடம், "அப்பா ட்ரிப்புக்குப் போயிட்டா வீட்டுல தனியா பயமா இருக்குதும்மா" என்பேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டையும் ஒரே ஆளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு பேருமே நான் தங்கள் பக்கம்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பதிமூன்று வயது.

பொங்கல் லீவுக்குப் போன என்னை அம்மா திருப்பி அனுப்பவில்லை. "வயசுக்கு வரப்போற பொண்ணு, விடிகாலைல அஞ்சு மணிக்கெல்லாம் அவரு வண்டிக்குப் போயிட்டா ஒத்தையில கெடக்குது. இங்க எட்டாவது இல்லியா? இங்கயே படிக்கட்டும்" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். அதுதான் பிரச்சினை.

மூன்றாம் நாள் அப்பா பஸ் வந்து நின்றபோது மாமா என்னையும் இழுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார். மாமா வேர்க்கடலை வியாபாரம். ரகசியம் பேசினாலும் அரை பர்லாங்குக்குக் கேட்கும்.

"மாப்ள, பொண்ணு இனிமே இங்கதான் இருக்கும். இஸ்கூல்ல டிசி மட்டும் வாங்கி அனுப்பிடுங்க."

அப்பா படிக்கட்டில் தொங்கியபடி, "மச்சான், நடுரோட்டுல வெச்சுப் பேசுற விஷயமா இது? வண்டி லேட்டாவுது" என்றார்.

"வண்டிய விட்டா உங்கள எங்க புடிக்கிறது? எங்க ஊட்டுப் படிதான் ஏற மாட்டீங்களே."

"ஏறி இன்னா பண்றது? உங்க தங்கச்சி மூஞ்சத் திருப்பிக்குவா. அதுக்கு நான் டிக்கெட்டே கிழிச்சிக்கினு இருப்பேன்."

"டிக்கெட்டு கிழிக்கிறவருக்குப் பொண்ண வளக்கத் தெரியுமா?"

"கடல உரிக்கிறவருக்குத் தெரியுமாக்கும்!"

பஸ்ஸுக்குள் சிரிப்பு. ஜன்னல் ஓரத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள் தலையை வெளியே நீட்டினாள். "ஏம்ப்பா, ரெண்டு பேரும் கத்திக்கினு இருக்கீங்களே, அந்தப் பொண்ண ஒரு வார்த்த கேளுங்களேன். அதுக்கு வாய் இல்லியா? யாருகூட இருக்கப்போற பாப்பா, நீயே சொல்லு."

ஐம்பது பேர் என்னைப் பார்த்தார்கள். மாமா பார்த்தார். அப்பா கை விசிலோடு பாதியில் நின்றது.

"டிரைவர் ஹாரன் அடிக்கிறாருப்பா" என்றேன்.

டிரைவர் ஹாரனே அடிக்கவில்லை. அப்புறம்தான் அடித்தார்.

அடுத்த மாதம் அப்பா வேலூர் கோர்ட்டில் மனு போட்டார். எங்கள் ஊர் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது, பெரிய கோர்ட் விஷயம் என்றால் வேலூர்தான். மாமாவும் ஒரு வக்கீலைப் பிடித்தார். அந்த வக்கீல் எங்கள் எல்லோரையும் பெஞ்சில் உட்காரவைத்துச் சட்டம் சொன்னார். "அஞ்சு வயசு தாண்டிட்டா தகப்பன்தான் கார்டியன்னு எழுதியிருக்கு. ஆனா கோர்ட்டு எழுதினத மட்டும் பாக்காது, கொழந்தைக்கு எது நல்லதுன்னு பாக்கும். பொண்ணு விவரமா இருந்தா ஜட்ஜ் ரூமுக்குள்ள கூப்ட்டு அவளையும் கேப்பாரு."

"அப்ப இவ சொல்றதுதான் தீர்ப்பா?" என்று மாமா கேட்டார்.

"அப்படி இல்ல. கேப்பாங்க. கேட்டுட்டு அவங்க ஒண்ணு சொல்வாங்க."

"அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கும் பதில் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு ராஜ உபசாரம். அத்தை முட்டை வேகவைத்துத் தந்தாள். மாமா ரிப்பன் வாங்கி வந்தார். யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை, ஆனால் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ யார் வேண்டும் என்பது பிரச்சினையே இல்லை. இரண்டு பேரும் வேண்டும். 'யார் வேண்டாம்' என்று என் வாயால் சொல்லவைக்கப் போகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. அப்பாவைச் சொன்னால் அம்மா வேண்டாம் என்று ஆகிவிடும். அம்மாவைச் சொன்னால் அப்பா. ஜட்ஜ் எழுதிவிடுவார், முத்திரை குத்திவிடுவார், அது வேலூரில் ஏதோ ஒரு பீரோவில் காலத்துக்கும் இருக்கும்.

இந்த நேரத்தில்தான் மாமா அப்பாவுக்கு ஆள் மூலம் ஒரு யோசனை சொல்லி அனுப்பினார். வேலூருக்கு அலைவதற்குப் பதில் பூ கட்டிப் பார்த்துவிடலாம்.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கலாமா, கிணறு எங்கே வெட்டலாம் என்று முடிவுக்கு வராத விஷயங்களுக்கெல்லாம் இதுதான் வழி. ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. ஒரே அளவு வாழை இலையில் மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி எடுத்துக் கலைத்துக் கீழே போடுவார். விவரம் தெரியாத சின்னப் பிள்ளை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் சாமி வாக்கு. அப்புறம் மறுபேச்சு கிடையாது.

கோவிலுக்குப் போனால் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியிலேயே நிற்கிற ஆள் எங்கள் அப்பா. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போன ஆள் திரும்பி வந்து, "சரின்னுட்டாரு" என்றார். மாமாவுக்கே சந்தேகமாகிவிட்டது. "இன்னா சரின்னாரு? ஒழுங்கா கேட்டியா?"

திண்டிவனம் ரோட்டில் வயலுக்கு நடுவே ஒரு அம்மன் கோவில். ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கம் அம்மா, மாமா, அத்தை, நான். அப்பா தனியாக வந்தார். ஓய்வு நாள்தான், ஆனாலும் காக்கிச் சட்டை. சிவப்பு அம்மாவுக்கு, வெள்ளை அப்பாவுக்கு என்று பேச்சு. அவரவர் பூவை அவரவர் கொண்டுவர வேண்டும். அம்மா செவ்வரளி பறித்து வந்திருந்தாள். அப்பா பையிலிருந்து மல்லி எடுத்தார்.

பூசாரி முகம் சுளித்தார். "மல்லியா? நந்தியாவட்டதானே கொண்டாருவாங்க."

"பஸ் ஸ்டாண்டுல அதான் கெடச்சுது பூசாரி. வெள்ளப் பூவுதானே?"

"வெள்ளதான்... சரி குடு. எங்க கொழந்த?"

குழந்தைக்கு மாமாவின் நாலு வயதுப் பையனைத்தான் சொல்லி வைத்திருந்தார்கள். அவனுக்கு முந்தின நாள் அம்மை போட்டுவிட்டது. வேறு பிள்ளையைத் தேடிப் பார்த்தால், நடு வயலில் ஆடுதான் மேய்ந்துகொண்டிருந்தது. பூசாரி என்னைப் பார்த்தார்.

"பொண்ணு பெரியவளாயிட்டாளா?"

"இன்னும் இல்ல" என்றாள் அம்மா. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"அப்ப கொழந்ததான். அவளே எடுக்கட்டும்."

சட்டத்துக்குப் பதினெட்டு, பூசாரிக்கு வேறு கணக்கு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான் விவரம் தெரியாதவள்.

கற்பூரம் காட்டினார். பொட்டலங்களைக் கலைத்து என் முன்னால் போட்டார். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. குனிந்தேன். அப்போதுதான் வாசனை வந்தது.

மல்லி. இடது பக்கம். சந்தேகமே இல்லை. அரளிக்கு ஏது வாசனை? ஒரு முழ மல்லியை இலையில் கட்டினால் பக்கத்து வீட்டுக்கே தெரியும், ஒரு சாண் தூரத்தில் இருக்கிற எனக்குத் தெரியாதா? இத்தனை பெரிய மனிதர்கள், ஒருத்தருக்குக்கூட அது தோன்றவில்லை. எல்லோரும் ஐந்தடி தள்ளி, கற்பூரப் புகைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். மாமாவும் அத்தையும் கைகூப்பியிருந்தார்கள். அப்பா கண்ணை இறுக்கி மூடியிருந்தார். அம்மா மட்டும் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்காமலே கேட்டுவிட்டார்கள். அதுவும் யாருக்கும் தெரியாமல் பதில் சொல்லலாம், பழி அம்மன் மேல் போய்விடும். இதைவிட வசதி எந்த மைனருக்குக் கிடைக்கும்?

நான் போட்ட கணக்கு இதுதான். அப்பாவின் பஸ் ஒரு நாளைக்கு நாலு தடவை கீழ்பென்னாத்தூரைத் தாண்டுகிறது. நான் அம்மாவோடு இருந்தால் நாலு தடவையும் அப்பாவைப் பார்க்கலாம். ஓடிப்போய்ப் படிக்கட்டில் ஏறி இரண்டு வார்த்தை பேசலாம். அப்பாவோடு இருந்தால் அம்மா எந்த பஸ்ஸிலும் வரமாட்டாள். ஆக, அம்மாவை எடுத்தால் இரண்டு பேரும் கிடைக்கிறார்கள். கணக்கில் நான் கெட்டி.

வலது பக்கத்தை எடுத்தேன்.

பூசாரி பிரித்தார். "செவப்பு!" அத்தை குலவை போட்டாள். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா கண்ணைத் திறந்து, சிவப்பைப் பார்த்து, "சரி. அம்மனே சொல்லிட்டா" என்றார். அவ்வளவுதான். சண்டை இல்லை, மறு தடவை போடு என்று கேட்கவில்லை. மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிரித்து மல்லியை என் கையில் கொடுத்தார்.

"தலையில வெச்சுக்க. வாடிடும்."

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு மல்லி வாங்கித் தருவது அவர் வழக்கம். அந்த மல்லி அம்மனுக்கு வாங்கியதா, எனக்கு வாங்கியதா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

போட்ட மனுவை வாபஸ் வாங்க எல்லோரும் ஒரு நாள் வேலூர் போனோம். ஜட்ஜ் என்னை மட்டும் தன் அறைக்குள் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தட்டில் பிஸ்கட் இருந்தது. எடுக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

"சாமிகிட்ட பூ கேட்டீங்களாமே?"

"ஆமா சார்."

"சாமி சொன்னது இருக்கட்டும்மா. நான் உன்னக் கேக்குறேன். உனக்கு யார்கூட இருக்கணும்?"

மறுபடியும் அதே கேள்வி. இந்த முறை இலையும் இல்லை, நாரும் இல்லை. உண்மையைச் சொல்லலாமா? நான்தான் எடுத்தேன், தெரிந்தேதான் எடுத்தேன் என்று? சொன்னால் கதவுக்கு வெளியே நிற்கிற அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

"சாமி சொன்னதுதான் சார்."

"அப்பா மேல கோவமா?"

"இல்ல சார்."

"அம்மா சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல சார்."

தட்டை என் பக்கம் நகர்த்தினார். "சரி, பிஸ்கட் எடுத்துக்கோ" என்றார். அம்மாவோடு இருக்கட்டும் என்று எழுதிவிட்டார்.

கீழ்பென்னாத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அப்பாவின் பஸ் காலையில் ஒரு தடவை, பத்தரை மணி இடைவேளைக்கு ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மூன்று வாரம் என் கணக்கு பிசகவில்லை. அப்பா சில நாள் சிரித்தார், சில நாள் கூட்டத்துக்குள் இருந்து கையை மட்டும் ஆட்டினார். நாலாவது வாரம் ஒரு திங்கட்கிழமை ஓடிப்போய்ப் படிக்கட்டில் கால் வைத்தால் வேறு ஒரு கண்டக்டர்.

"உங்கப்பாவா? லைன் மாத்திக்கினு போயிட்டாரே பாப்பா. திருக்கோவிலூர் வண்டிக்கு."

"எப்ப வருவாரு?"

"இந்த லைனுக்கா? அவரேதான் முதலாளிகிட்ட கேட்டு வாங்கிக்கினு போனாரு. இனிமே எங்க வர்றது? எறங்கும்மா, நேரமாவுது."

எனக்குப் புரியவே இல்லை. சாமி சொல்லிவிட்டது என்று பெண்ணை அடியோடு விட்டுவிட்டாரா? தினமும் நாலு தடவை என்னைப் பார்த்துவிட்டு விசில் அடித்துப் போக முடியவில்லையா? இல்லை, எல்லாம் தெரிந்து, கோபமா? அம்மாவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியா?" என்றாள். ரொம்ப நேரம் ஒரே பாத்திரத்தைத் தேய்த்தாள்.

அப்புறம் பெரிய லீவில் அவரைப் பார்ப்பேன், தீபாவளிக்குத் துணி கொண்டுவந்து மாமா கடையில் கொடுத்துவிட்டுப் போவார். ஐந்து வருஷம் இப்படியே ஓடியது. பதினெட்டு முடிந்தது. சட்டப்படி இனிமேல் யாரோடு வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் ஒருத்தரும் கேட்கவில்லை. திருவண்ணாமலைக் கல்லூரிக்குத் தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து போய் வந்தேன்.

மூன்றாம் வருஷம், ஒரு தோழி கல்யாணத்துக்குத் திருக்கோவிலூர் போக பஸ் ஏறினேன். வேண்டுமென்றே அவர் பஸ்ஸாகப் பார்த்துத்தான் ஏறினேன். மத்தியான நேரம், கூட்டம் கம்மி. டிக்கெட் எல்லாம் போட்டு முடித்துவிட்டு என் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீசையில் பாதி நரைத்திருந்தது.

எனக்கு எதையும் பட்டென்று கேட்டுவிடுகிற வாய் அப்போது வந்திருந்தது. எட்டு வருஷம் மனசுக்குள் வைத்திருந்ததை, யார் வீட்டு விசேஷமோ போலக் கேட்டேன்.

"ஏம்ப்பா, அன்னிக்குப் பூ கட்டிப் பாத்தோமே, மல்லிக்கு வாசன இருக்கும்னு தெரிஞ்சேதானே வாங்கின?"

அவர் பையில் சில்லறையைத் துழாவினார். வெளியே கரும்பு வயல் போய்க்கொண்டிருந்தது.

"சொல்லுப்பா. நான் கண்டுபுடிக்கணும்னுதானே?"

"எந்த ஸ்டாப்பு இது?" என்று குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஸ்டாப்பே வரவில்லை. அப்புறம் என்னைப் பார்க்காமலே, "உனக்குத்தான் அன்னிக்கு மூக்கு அடைச்சிருந்துச்சாமே" என்றார்.

"யாரு சொன்னா?"

"உங்கம்மா. வேலூர்ல, நீ ஜட்ஜ் ரூம்ல இருந்தப்ப. அதுவா வந்து பேசிச்சு. 'பொண்ணுக்கு நாலு நாளா ஜலதோஷம், ஒரு வாசனயும் தெரியல அதுக்கு, நீங்க மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க'ன்னு."

எனக்கு ஜலதோஷமே இல்லை. அந்த வருஷம் முழுக்க ஒரு தும்மல்கூடப் போட்டதாக நினைவில்லை. கோவிலில் கண்ணை மூடாமல் நின்ற ஒரே ஆள் அம்மா. நான் குனிந்ததையும், மூச்சை இழுத்ததையும், கை இடப்பக்கம் போகாததையும் அவள் பார்த்திருக்கிறாள். இரண்டு வருஷமாகப் பேசாத புருஷனிடம், அவளாகப் போய், ஜெயித்த பிறகு, ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். எட்டு வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அடைச்சிருந்துச்சா, இல்லியா?" என்றார் அப்பா. இப்போது நேராக என்னைப் பார்த்தார்.

இதுவரை என்னைக் கேட்டவர்களிலேயே பதில் தெரிந்தாக வேண்டும் என்று கேட்டவர் அவர் ஒருத்தர்தான் என்று தோன்றியது. தினம் நாலு தடவை உன்னைப் பார்க்கத்தான்பா சிவப்பை எடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால், லைன் மாற்றிக்கொண்டது யார் தப்பு என்று அவர் திருக்கோவிலூர் வரைக்கும், அதற்கப்புறமும், யோசித்துக்கொண்டே போவார். சொல்லாவிட்டால் நான் யோசிப்பேன்.

"பயங்கர ஜலதோஷம்பா. மூச்சே விட முடியல."

தலையை ஆட்டினார். நம்பினாரா, நம்புகிற மாதிரி ஆட்டினாரா, தெரியவில்லை. "ஆவி புடிச்சிருக்கலாம்" என்றார். பிறகு முன்பக்கம் யாரோ இறங்க வேண்டும் என்று கத்த, விசிலை வாயில் வைத்துக்கொண்டு கம்பி கம்பியாகப் பிடித்து நடந்து போனார்.